அடிவரியை வெட்டாதீங்க: பழைய அமெரிக்கப் படங்களைக் கையாளற எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அமெரிக்காவோட ஆரம்ப கால வரலாற்றைப் பத்திப் பாடப்புத்தகம், ஒர்க்‌ஷீட், வீடியோ, கட்டுரை பண்றவங்களுக்கும், அதுக்குப் படம் தேடிக் குடுக்கற எடிட்டர்களுக்கும், பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணி நெட்ல ஏத்தறவங்களுக்கும், பழைய புத்தகத்துலேர்ந்து படப்பக்கத்தை மட்டும் உருவி ஃபிரேம் போட்டு விக்கறவங்களுக்கும் சேத்துதான் இதை எழுதறேன். நீங்க எல்லாரும் வேற வேற வேலை பாக்கறவங்க, ஒருத்தரை ஒருத்தர் பாத்துகூட இருக்க மாட்டீங்க. ஆனா உங்கள்ல நெறைய பேர் ஒரே காரியத்தைப் பண்றீங்க, படத்துக்கு அடியில இருக்கற அந்தப் பொடி எழுத்து வரியை வெட்டி எறிஞ்சிடறீங்க. அதை வெட்டாதீங்கன்னு கேக்கறதுக்குத்தான் இந்த மடல்.

போன மாசம், எட்டாவது படிக்கற என் பொண்ணு ஹோம்வொர்க்குக்கு ஒரு தாள் கொண்டு வந்தா. சேலம் சூனிய வழக்கு பாடம், நம்ம சேலம் இல்ல, மாசச்சூசெட்ஸ்ல இருக்கற சேலம். பாதிப் பக்கத்துக்கு ஒரு படம், கோர்ட் கூடம் மாதிரி இருக்கு, நடுவுல ஒரு பொண்ணு தரையில விழுந்து கெடக்கா, சுத்தி ஜனங்க. அடியில "சேலம், 1692"ன்னு போட்டிருந்துச்சு, அவ்வளவுதான். கேள்வி என்னன்னா, படத்தை உத்துப் பாத்து அன்னிக்கு கோர்ட்டுல என்ன நடந்துச்சுங்கறதுக்கு மூணு ஆதாரம் எழுதணும். அவளும் உக்காந்து சின்சியரா, விழுந்து கெடக்கற பொண்ணோட கோலம் எப்படி இருக்கு, சுத்தி இருக்கறவங்க எப்படிப் பாக்கறாங்க, யாரு யாரு என்ன டிரெஸ்ல இருக்காங்கன்னு எழுதி முழு மார்க் வாங்கிட்டு வந்துட்டா.

எனக்கு அந்தப் படத்தைப் பாத்ததுமே உறுத்துச்சு, ஏன்னா அந்தக் கோடு இழுத்திருக்கற விதம் 1692-ஓடது இல்ல. தேடிப் பாத்தேன். அது 1876-ல டபிள்யூ. ஏ. கிராஃப்ட்ஸ்ங்கறவர் எழுதின, அமெரிக்காவுல மொத மொதல்ல குடியேறினவங்களைப் பத்தின ஒரு புத்தகத்துக்காக வரைஞ்சு செதுக்கின படம். நடுவுல விழுந்து கெடக்கறது மேரி வால்காட்டா இருக்கும்னு பொதுவா சொல்றாங்க, எனக்குச் சூனியம் வச்சாங்கன்னு புகார் சொன்ன பொண்ணுங்கள்ல ஒருத்தி. 1692-க்கும் 1876-க்கும் நடுவுல 184 வருஷம் இருக்கு. இன்னிக்கு ஒருத்தர் உக்காந்து 1840 வாக்குல நடந்த ஒரு வழக்கை, அங்க இருந்த யாரையும் பாக்காம, மனசுல தோணினபடி வரைஞ்சா எப்படி இருக்குமோ அப்படித்தான் அது. 1876 அமெரிக்கா சுதந்திரம் அறிவிச்சு நூறு வருஷம் ஆன வருஷம், அப்ப நம்ம நாடு எங்கேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சுக்க எல்லாருக்கும் ஆசை இருந்துச்சு, அந்த ஆசைக்காக வந்த புத்தகத்தோட படம் அது. ஆக என் பொண்ணு எழுதின மூணுமே 1692-க்கு ஆதாரம் இல்ல. அவ மேல தப்பு இல்ல, டீச்சர் மேலயும் இல்ல. அவங்க கைக்கு வரும்போதே அந்த அடிவரி போயிடுச்சு.

நான் இதுல பட்டம் வாங்கினவ இல்லங்க. நியூஜெர்சியில எங்க ஊர் லைப்ரரியில சனிக்கிழமை சனிக்கிழமை பழைய புத்தக விற்பனைக்கு வாலண்டியரா போவேன், ஜனங்க நன்கொடையா குடுத்த பெட்டிகளைப் பிரிச்சு அடுக்கறது என் வேலை. அப்படி ஒரு பெட்டியில அட்டை போய், தையல் விட்டுப் போய் உதிர்ந்து கெடந்த படப்பக்கங்கள் கொஞ்சம் கெடைச்சுது, விக்க முடியாதுன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க, கேட்டு வாங்கிட்டு வந்தேன். அதுல ஒண்ணு நத்தானியேல் கிரீனோட படம், சுதந்திரப் போர்ல வாஷிங்டனுக்கு அடுத்தபடியா பேசப்படற ஜெனரல். வரைஞ்சது அலோன்சோ சாப்பல். இதை எழுதும்போதும் மேஜை மேலதான் வச்சிருக்கேன். மேல ஒரு மெல்லிசு டிஷ்யூ தாள், ஓரமெல்லாம் டீ சிந்தின மாதிரி பழுப்புப் புள்ளி. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா முகத்துல கோடே இல்ல, எல்லாம் ஊசி முனையால வச்ச மாதிரி புள்ளி, கன்னத்துல நெருக்கமா, நெத்தியில அகலமா. போட்டிருக்கற மேல்சட்டைக்கு வந்தா புள்ளி நின்னு போய் கோடு ஆரம்பிக்குது, ஒரு வரிசை சாய்வா, அதுக்குக் குறுக்க இன்னொரு வரிசை, ரெண்டும் வெட்டிக்கற கட்டத்துக்குள்ள ஒவ்வொண்ணுலயும் ஒரு புள்ளி. பழைய ரூபா நோட்டுல இருக்கற தலையைப் பாருங்க, அதே கைவேலை.

அப்புறம்தான் அடியில பாத்தேன். கிரீன் கையெழுத்தோட நகல் ஒண்ணு, அதுக்குக் கீழ கண்ணை இடுக்கிப் படிக்கற அளவுல ரெண்டு வரி. சாப்பல் தீட்டுன மூல ஓவியத்துலேர்ந்து எடுத்தது, ஓவியம் பதிப்பாளர்கள்கிட்ட இருக்குன்னு ஒரு வரி. நியூயார்க் ஜான்சன், ஃபிரை கம்பெனி இதுக்குக் காப்புரிமை பதிவு பண்ணியிருக்குன்னு இன்னொரு வரி, வருஷம் 1860-களோடது. இந்த ரெண்டு வரியும் சேந்து என்ன சொல்லுதுன்னு யோசிச்சுப் பாருங்க. மூல ஓவியம்னா ஏதோ கிரீன் எதிர்ல உக்காந்து தீட்டினதுன்னு தோணும். கிரீன் செத்தது 1786-ல. சாப்பல் பொறந்ததே 1828-ல. புத்தகத்துக்குப் படம் வேணும்னு பதிப்பாளர் சொல்லி, அதுக்காகவே தீட்டுன ஓவியம்தான் அந்த "மூலம்". அடிவரி இருந்தா ஒரு நிமிஷத்துல இதைக் கண்டுபிடிச்சிடலாம். அடிவரி போனா, கையெழுத்தோட நிக்கற அந்த ஆளை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

அந்தக் காலத்து என்கிரேவிங்கள்ல, அதாவது செதுக்கி அச்சடிச்ச படங்கள்ல, பொதுவா எடது பக்க மூலையில வரைஞ்சவர் பேரு, வலது பக்க மூலையில செதுக்கினவர் பேரு. பேருக்குப் பின்னாடி "டெல்"னு இருந்தா வரைஞ்சவர், "பின்க்ஸ்"னு இருந்தா தீட்டினவர், "ஸ்கல்ப்"னோ வெறும் "ஸ்க்"னோ இருந்தா செதுக்கினவர், எல்லாம் லத்தீன் சுருக்கம். இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கறது கம்மி. நெறைய படத்துக்கு மூணாவதா ஒரு ஆளும் உண்டு, ஓவியத்தைப் பாத்து தகடு அளவுக்குச் சுருக்கி வரைஞ்சவர். நாம ஒரு படம்னு சொல்றது ரெண்டு மூணு பேரோட கையைத் தாண்டி வந்த ஒரு பொருள்.

அந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சா பேரை வெட்ட மனசு வராது, அதனால கொஞ்சம் சொல்றேன். மரத்துல செதுக்கறதுக்கு பாக்ஸ்வுட்னு ஒரு மரம், இழைச்சா தந்தம் மாதிரி இருக்கும். பலகையா நீளவாக்குல அறுக்க மாட்டாங்க, தடியைக் குறுக்கால வட்டம் வட்டமா அறுத்து அந்த வெட்டு முகத்துல செதுக்குவாங்க, அப்பதான் உளி எந்தப் பக்கம் போனாலும் மரம் பிளந்து வராது. இங்கிலாந்துல தாமஸ் பீவிக் இதை ஒரு பெரிய கலையா ஆக்கினார், அவரைப் பாத்துக் கத்துக்கிட்டு அமெரிக்காவுல ஆரம்பிச்சு வச்சவர் நியூயார்க்ல டாக்டருக்குப் படிச்ச அலெக்சாண்டர் ஆண்டர்சன், வைத்தியத்தை விட்டுட்டு உளியைப் பிடிச்சவர். கட்டையோட உயரம் அச்செழுத்தோட உயரத்துக்குச் சரியா இருக்கும், அதனால எழுத்துக் கோத்த பக்கத்துக்கு நடுவுலயே அந்த பிளாக்கையும் வச்சு ஒரே இழுப்புல அச்சடிச்சிடலாம், படத்துக்குன்னு தனித்தாள் வேண்டாம், விலை குறைஞ்சுது. பாக்ஸ்வுட் தடி பருமனா கெடைக்காது, பெரிய படம்னா சின்னச் சின்னக் கட்டைகளைப் பின்னாடி போல்ட் போட்டு முடுக்கி ஒண்ணாக்குவாங்க. பத்திரிகைக்கு அவசரம்னா அதையே கழட்டி ஆளுக்கொரு துண்டா குடுத்து ராத்திரியோட ராத்திரியா செதுக்கச் சொல்லி மறுபடி சேப்பாங்க, உத்துப் பாத்தா சில படத்துல அந்த இணைப்பு வெள்ளைக் கோடா தெரியும். கட்டை மேல நேரா வரைஞ்ச சித்திரம் செதுக்கச் செதுக்க அழிஞ்சே போயிடும். வரைஞ்சவரோட கோடு எதுவும் மிஞ்சாது, செதுக்கினவர் விட்டு வச்சதுதான் நமக்குக் கெடைக்கும். அப்படிப்பட்டவரோட பேரு அந்த வலது மூலையில மட்டும்தான் இருக்கு. அதை எப்படிங்க வெட்டறது?

எஃகுத் தகடு வேற கதை. செம்புத் தகடு மிருதுவானது, சில ஆயிரம் பிரதி போட்டா தேஞ்சு மங்கிடும். எஃகு பல்லாயிரம் தாங்கும். கள்ள நோட்டைத் தடுக்க ஜேக்கப் பெர்கின்ஸ் போன்றவங்க பணம் அச்சடிக்கறதுக்குக் கொண்டு வந்த முறை அது, அங்கேர்ந்து புத்தகத்துக்கு வந்துச்சு. நோட்டு செதுக்கின கைதான் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர்ங்கற அமெரிக்க எழுத்தாளரோட நாவல்களுக்குப் படமும் செதுக்குச்சு. 1859-லேர்ந்து 1861 வரைக்கும் 32 வால்யூமா வந்த கூப்பர் பதிப்புக்கு எஃப். ஓ. சி. டார்லி வரைஞ்சார், அந்தப் படங்களைச் செதுக்கினதுல பேங்க் நோட் கம்பெனி ஆளுங்க இருந்தாங்க.

டார்லியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்சவர். 1848-ல வாஷிங்டன் இர்விங்கோட ரிப் வான் விங்கிள் கதைக்கு அவர் போட்ட வெறும் கோட்டுப் படங்கள் இருக்கே, நிழல் கெடையாது, கறுப்பு அப்பறது கெடையாது, ஒரே கோட்டுல அந்தச் சோம்பேறி மனுஷனும் அவன் நாயும் உயிரோட நிப்பாங்க. ஆனா அது கதைக்குப் போட்ட படம். இங்கதான் எனக்குப் பெரிய வருத்தம். கதைக்கும் கவிதைக்கும் போட்ட படத்தை எடுத்து "அந்தக் கால எல்லைப்புற வாழ்க்கை"ன்னு போடறீங்க. ஹாத்தார்னோட த ஸ்கார்லெட் லெட்டர் நாவலுக்கு 1878-ல வந்த பதிப்புப் படங்களை நான் வரலாற்றுக் கட்டுரைக்கு மேல பாத்திருக்கேன், பியூரிடன் பாஸ்டன்னு போட்டு, அதாவது கட்டுப்பாடான மதப் பிரிவான பியூரிடன்கள் குடியேறி வாழ்ந்த பாஸ்டன்னு. அதை வரைஞ்சவங்க மேரி ஹாலக் ஃபூட், நியூயார்க்ல கூப்பர் யூனியன்ல பொண்ணுங்களுக்காக நடந்த டிசைன் ஸ்கூல்ல படிச்சவங்க. செதுக்கினவர் ஏ. வி. எஸ். ஆந்தனி. அந்தப் படங்களை அவங்க வரைஞ்சது கலிஃபோர்னியாவுல, நியூ அல்மடேன்ங்கற பாதரசச் சுரங்க ஊர்ல வீட்டுக்காரரோட குடித்தனம் பண்ணிட்டிருந்த காலத்துல. பாஸ்டன் அங்கேர்ந்து ஒரு கண்டத்துக்கு அந்தப் பக்கம், கதை நடக்கற காலமோ 1640-கள். ஒரு பொண்ணு, சுரங்க ஊர்ல இருந்துகிட்டு, ஒரு நாவலைப் படிச்சு மனசுல வாங்கி, கட்டை கட்டையா வரைஞ்சிருக்காங்க. எவ்வளவு நல்ல விஷயம் அது, அந்தப் பேரைச் சொன்னாலே இன்னொரு வரலாறு கெடைக்குமே. அதை அழிச்சுட்டு "பியூரிடன் பாஸ்டன்"னு ரெண்டே வார்த்தை போட்டா ஃபூட்டும் இல்ல, பாஸ்டனும் இல்ல.

வாஷிங்டன் டெலாவேர் ஆத்தைத் தாண்டற படத்தை எடுத்துக்குங்க. இமானுவேல் லொய்ட்ஸ 1851-ல ஜெர்மனியில, டுசல்டார்ஃப்ல உக்காந்து தீட்டினது. 1853-ல பால் ஜிரார்டே அதைத் தகட்டுல செதுக்கி கூப்பில் கம்பெனி வெளியிட்ட பிறகுதான் அது வீட்டுச் சுவத்துக்கெல்லாம் போச்சு. அதுல படகுல நட்சத்திரமும் பட்டையும் போட்ட கொடி பறக்குது. ஆத்தைத் தாண்டினது 1776 டிசம்பர் 25 ராத்திரி. அந்தக் கொடியைத் தேசியக் கொடியா ஏத்துக்கிட்டது 1777 ஜூன் 14. லொய்ட்ஸ பொய் சொல்லணும்னு வரையலை, 1848-ல ஐரோப்பாவுல நடந்த புரட்சி தோத்துப்போன வேதனையில இருந்த ஒரு தலைமுறைக்கு, இருட்டுலயும் ஆத்தைத் தாண்டினவங்க இருக்காங்கன்னு காட்ட வரைஞ்சார். அடியில 1851-ன்னு போட்டிருந்தா இதை ஒரு வாத்தியார் சொல்லிக் குடுக்கலாம். 1776-ன்னு போட்டா கொடியைத் தப்பா சொல்லிக் குடுத்ததுதான் மிச்சம்.

போக்கஹாண்டஸ் விஷயம் இதை விடக் கஷ்டமா இருக்கு, வர்ஜீனியாவுல இருந்த பவ்ஹாட்டன்ங்கற பூர்வகுடித் தலைவரோட பொண்ணு அவங்க. உயிரோட இருந்தப்ப அவங்களைப் பாத்து எடுத்த படம்னு இருக்கறது ஒண்ணே ஒண்ணு, 1616-ல லண்டன்ல சைமன் வான் டெ பாஸ் செதுக்கினது, உசந்த தொப்பியும் லேஸ் கழுத்துப் பட்டையுமா ஒரு இளம் பொண்ணு நேரா நம்மளைப் பாக்குது, சுத்தி மட்டோகாங்கற சொந்தப் பேரும் இருக்கு. அதை எத்தனை ஒர்க்‌ஷீட்ல பாத்திருப்பீங்க? எங்க பாத்தாலும் ஜான் ஸ்மித் தலைக்கு மேல கையை விரிச்சு நிக்கற பொண்ணுதான், பிடிபட்டு சாகப் போன என்னை அந்தப் பொண்ணுதான் காப்பாத்துச்சுன்னு அந்த இங்கிலீஷ்காரர் சொன்ன கதை. 1870 வாக்குல நியூ இங்கிலாந்து குரோமோ லித்தோ கம்பெனி போட்ட ஒரு கலர் அச்சு இருக்கு, அது செதுக்கல் இல்ல, கல்லுல எடுத்த லித்தோ, ஆனா அதே குடும்பம். அதுல பின்னாடி மலை நிக்குது, கூம்புக் கூடாரம் நிக்குது. பவ்ஹாட்டன் ஜனங்க இருந்தது வர்ஜீனியாவோட கடலோரச் சமவெளி, அங்க மலையே கெடையாது. அவங்க வீடு மரக்கொம்பை வளைச்சுக் கட்டி பாயும் பட்டையும் போத்தின நீள வீடு, தோல் கூடாரம் இல்ல. ஸ்மித் சொன்ன கதைப்படியே பாத்தாலும் அது வெட்டவெளியில நடக்கலை, வீட்டுக்குள்ள நடந்துச்சு. அந்தக் கதையையும் அவர் விவரமா அச்சுல போட்டது 1624-லதான், 1607-ல நடந்ததா சொல்லி. அன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு 11 வயசு இருக்கும். படத்துல இருக்கறது வளந்த பொண்ணு. பவ்ஹாட்டன் வம்சத்துப் பிள்ளைங்க இன்னிக்கும் வர்ஜீனியாவுல பள்ளிக்கூடம் போறாங்க. தங்களோட முப்பாட்டன் வீட்டைப் பாடத்துல யாரோ ஒருத்தரோட கூடாரமா பாத்துட்டு உக்காந்திருக்கற குழந்தையை நெனச்சுப் பாருங்க. "1870-ல அச்சான கற்பனைப் படம்"னு ஒரு வரி போட்டா அந்தக் குழந்தைக்குக் கை தூக்கிப் பேச ஒரு இடம் கெடைக்கும்.

கொலம்பஸ் பத்தி நீட்டலை. அவர் முகத்தை நேர்ல பாத்து வரைஞ்சதுன்னு உறுதியா சொல்ல ஒரு படம்கூட இல்ல. 1893-ல வந்த நினைவுத் தபால்தலைகள்ல ஒரு சென்ட் தலையில கரையைத் தூரத்துல பாக்கற கொலம்பஸுக்குத் தாடி இல்ல, ரெண்டு சென்ட் தலையில கரை இறங்கற கொலம்பஸுக்கு முழுத் தாடி இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல உண்மையில சில மணி நேரம்தான். வேற வேற ஓவியர் தீட்டின ஓவியங்களைப் பாத்துச் செதுக்கினதால வந்த வித்தியாசம் அது. ரெண்டு சென்ட் தலை மட்டும் நூறு கோடிக்கு மேல அச்சாச்சு. படம் எத்தனை தடவை அச்சாகுதோ அத்தனை தூரம் உண்மை மாதிரி ஆயிடும், அதனாலதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இவ்வளவு சொன்னதும், அப்ப 19-ம் நூற்றாண்டுப் படமே போடக் கூடாதா, எல்லாம் கற்பனைதானான்னு கேப்பீங்க. இல்லவே இல்ல. அதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன், பென்சன் லாஸிங்.

லாஸிங் மரச் செதுக்கு வேலைக்காரர், எழுதவும் தெரிஞ்சவர். சுதந்திரப் போர் நடந்த இடமெல்லாம் சிதைஞ்சு மறைஞ்சு போயிட்டிருக்கு, பாத்தவங்க ஒவ்வொருத்தரா செத்துட்டிருக்காங்கன்னு அவருக்குப் பட்டுச்சு. 1848-ல கிளம்பினார். வண்டி, குதிரை, ரயில், நீராவிப் படகுன்னு கெடைச்சதுல ஏறி 8,000 மைலுக்கு மேல சுத்தினார். போற இடத்துல மண்மேடாப் போன கோட்டை, ஆத்தோட துறை, பழைய வீடு, எல்லாத்தையும் பென்சில்ல எடுத்தார், போர்ல இருந்த கெழவங்களைத் தேடிப் போய் பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதினார். 1850-லேர்ந்து ஹார்ப்பர் கம்பெனி அதைப் பகுதி பகுதியா வெளியிட்டு, ரெண்டு பெரிய வால்யூமா முடிஞ்சுது, 1,100 மரச் செதுக்குப் படங்கள், அதுல பெரும்பாலும் அவரே நேர்ல எடுத்த ஸ்கெட்ச்சுலேர்ந்து வந்தது. நியூபர்க்ல வாஷிங்டன் தங்கியிருந்த வீட்டுல ஏழு கதவும் ஒரே ஒரு ஜன்னலும் இருக்கற ஒரு ரூம் உண்டு, லாஸிங் அந்த வீட்டையும் பாத்து எழுதி வரைஞ்சு வச்சார். நியூயார்க் மாநிலம் அந்த வீட்டைப் பொதுச் சொத்தா காப்பாத்த எடுத்துக்கிட்டது 1850-ல. எத்தனையோ வீடுகளுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு கெடைக்கலை, இடிஞ்சு போச்சு, அதோட முகம் லாஸிங் கட்டையில இருக்கு. இதே மாதிரி ஜான் வார்னர் பார்பர்னு ஒருத்தர் கனெக்டிகட், மாசச்சூசெட்ஸ் ஊர் ஊரா போய் சர்ச்சும் தெருவுமா வரைஞ்சு 1836-லயும் 1839-லயும் புத்தகம் போட்டார். நிறைய ஊருக்கு கேமரா வர்றதுக்கு முன்னாடி இருந்த முகம் அதுதான்.

அடிவரியோட அருமை இங்கதான் தெரியும். சேலம் படத்துக்கு அடியில 1876-ன்னு இருந்தா அது நம்மளை எச்சரிக்கும். லாஸிங் படத்துக்கு அடியில 1848-ன்னு இருந்தா அது நமக்குச் சாட்சி சொல்லும், 1776-க்கு இல்ல, 1848-ல அந்த இடம் எப்படி இருந்துச்சுங்கறதுக்கு. ரெண்டையும் வெட்டி ஒரே ஃபோல்டர்ல "அமெரிக்கப் புரட்சி"ன்னு போட்டா, நேர்ல போய் மழையில நனைஞ்சு வரைஞ்ச மனுஷனும், ஸ்டூடியோவுல உக்காந்து தோணினதை வரைஞ்ச மனுஷனும் ஒண்ணாயிடறாங்க. லாஸிங்குக்கு நடக்கற அநியாயம் எனக்கு இதுல ரொம்ப வலிக்குது.

கற்பனைப் படத்துக்கும் அதே மரியாதை வேணும், அதுவும் ஒரு காலத்தைப் பத்தி உண்மையைச் சொல்லும். பாஸ்டன் படுகொலையைப் பாருங்க, பிரிட்டிஷ் சிப்பாய்ங்க ஊர் ஜனங்க மேல சுட்டது, 1770 மார்ச் 5. எல்லாருக்கும் தெரிஞ்ச படம் பால் ரிவியரோடது, அது 18-ம் நூற்றாண்டு, சம்பவம் நடந்த அதே மாசத்துல செதுக்கி வித்தது. அதுவும் அவர் யோசிச்ச படம் இல்ல, ஹென்றி பெல்ஹாம்ங்கற இளைஞன் வரைஞ்சதைப் பாத்து எடுத்தது. பெல்ஹாம் கொதிச்சுப் போய் ரிவியருக்கு ஒரு கடுதாசி எழுதினான், வழிப்பறிக்காரன் நெடுஞ்சாலையில மடக்கிப் பிடுங்கின மாதிரி என்னைப் பிடுங்கிட்டீங்கன்னு. அந்தக் கடுதாசி இன்னிக்கும் இருக்கு. 250 வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தப் பையன் பேரு பாதி கேப்ஷன்ல கெடையாது.

அதே சம்பவத்தை 1856 வாக்குல பாஸ்டன்ல பஃபர்ட்ங்கற அச்சுக்காரர் கலர் லித்தோவா போட்டார், வரைஞ்சது டபிள்யூ. எல். சாம்ப்னி. அந்தப் படத்துல நடுவுல நிக்கறது கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க வம்சமும் பூர்வகுடி வம்சமும் கலந்தவர், அன்னிக்குச் செத்தவர். ரிவியர் படத்துல அவரைத் தனியா எடுத்துக் காட்டலை, 86 வருஷம் கழிச்சு நடுவுக்கு வந்துட்டார். ஏன் அப்ப? 1850-ல தப்பியோடின அடிமைங்களைப் பிடிச்சுக் குடுக்கணும்னு சட்டம் வந்துச்சு. 1854-ல அப்படித் தப்பி வந்த அந்தோணி பர்ன்ஸ்ங்கறவரை அதே பாஸ்டன் தெரு வழியா பட்டாளக் காவலோட கப்பலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ஊரே திரண்டு நின்னு பாத்துச்சு. 1855-ல வில்லியம் கூப்பர் நெல், கறுப்பின வீரர்களைப் பத்தி எழுதின புத்தகத்துல அட்டக்ஸை முன்னாடி கொண்டு வந்து நிறுத்தினார். அடுத்த வருஷம் இந்த லித்தோ. இந்த நாட்டுக்காக மொதல்ல ரத்தம் சிந்தினவர் யாருன்னு ஊருக்குக் காட்டற படம் அது. கீழ 1770-ன்னு மட்டும் போட்டா, இந்த ஆறு வருஷப் போராட்டம் மொத்தமும் காணாமப் போயிடுது. 1770 படம் ஒண்ணு, 1856 படம் ஒண்ணு, பக்கத்துல பக்கத்துல வச்சு, யார் எங்க நிக்கறாங்க, ஏன் மாறுச்சுன்னு கேட்டுப் பாருங்க. எட்டாம் கிளாஸ் பசங்க விடாம பேசுவாங்க. என் பொண்ணுகிட்ட நான் கேட்டேன், ராத்திரி சாப்பாடு ஆறிப் போச்சு, அவ நிறுத்தலை.

நல்லது பண்றவங்களை விட்டுடக் கூடாது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், நியூயார்க் பப்ளிக் லைப்ரரி மாதிரி இடங்கள் இந்தப் படங்களை லட்சக்கணக்குல இலவசமா குடுத்திருக்காங்க, நியூயார்க் லைப்ரரி 2016-ல ஒரே நாள்ல 1,80,000-க்கு மேல படத்தை யார் வேணா எடுத்துக்கலாம்னு திறந்து விட்டாங்க. நான் சேலம் படத்தோட வருஷத்தைக் கண்டுபிடிச்சதே அந்த மாதிரி ஒரு கேட்டலாக் பக்கத்துலதான். அங்க பேரு, வருஷம், புத்தகம் எல்லாம் இருக்கு. அங்கேர்ந்து எடுத்து ஒருத்தர் க்ராப் பண்றார், அந்த க்ராப்பை இன்னொருத்தர் எடுக்கறார், மூணாவது கைக்கு வரும்போது வெறும் படம்.

ஸ்கேன் பண்றவங்களே, தாளோட நாலு ஓரமும் தெரியற மாதிரி எடுங்க. அழுக்கு ஓரம், பழுப்புப் புள்ளி, பக்க எண், எதிர்ப்பக்கத்து மை ஒட்டின தடம், எதுவும் அசிங்கம் இல்ல. உங்களுக்கு அழகான க்ராப் வேணும்னா அது ரெண்டாவது ஃபைலா இருக்கட்டும். எடிட்டர்களே, இடம் இல்லன்னு சொல்லாதீங்க, "வரைஞ்சது 1876"ங்கறதுக்கு என்ன பெரிய இடம் வேணும். வீடியோ பண்றவங்களே, மூணு செகண்ட் ஓடற படமா இருந்தாலும் மூலையில வருஷத்தைப் போடுங்க, டிஸ்கிரிப்ஷன்ல செதுக்கினவர் பேரைப் போடுங்க. உரிமை முடிஞ்ச படம், பேரு போடணும்னு சட்டம் இல்லன்னு எனக்கும் தெரியும். சட்டத்துக்காக நான் கேக்கலை.

படம் விக்கறவங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும். முழுப் புத்தகத்தைப் பிரிச்சு படத்தை உருவறது எனக்குப் பிடிக்கலை, இதை மறைச்சு என்ன ஆகப் போகுது. ஆனா எங்க பெட்டிக்கு வர்ற மாதிரி ஏற்கனவே செதைஞ்ச புத்தகமா இருந்தா அந்தப் பக்கத்துக்கு ஒரு வீடு கெடைக்கறது நல்லதுதான். அப்ப மவுண்ட் அட்டையோட ஜன்னலைக் கொஞ்சம் கீழ எறக்கி வெட்டுங்க, வரைஞ்சவர் பேரு, செதுக்கினவர் பேரு ரெண்டும் வெளிய தெரியட்டும். ஃபிரேம் சைஸுக்காகத் தாளை வெட்டாதீங்க. எந்தப் புத்தகம், எந்த வருஷம்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பின்னாடி ஒட்டுங்க, பென்சில்ல எழுதினாலும் போதும்.

அந்த ஒர்க்‌ஷீட் போட்டவங்களுக்கு நான் தனியா எழுதியிருக்கேன், பேரு இங்க சொல்லலை, தெரியாம பண்ணின விஷயம், திருத்திடுவாங்கன்னு நம்பறேன். அதுல நான் கேட்டது இவ்வளவுதான். படத்துக்குக் கீழ "சேலம், 1692"ங்கறதை எடுத்துட்டு, "சேலம் வழக்கு. வழக்கு நடந்து 184 வருஷம் கழிச்சு, 1876-ல ஒரு புத்தகத்துக்காக வரைஞ்சது"ன்னு போடுங்க. கேள்வியையும் கொஞ்சம் மாத்துங்க, 1876-ல இருந்தவங்க இந்த வழக்கை எப்படி நெனச்சுக்கிட்டாங்கன்னு கேளுங்க. என் பொண்ணு எழுதின மூணு பதிலும் அதுக்கு அப்படியே சரியா பொருந்தும்.

கிரீன் படத்தையும் கூட இருக்கற மத்த பக்கங்களையும் இந்த வாரம் லைப்ரரி ஸ்கேனர்ல ஓரம் வெட்டாம எடுத்து வைக்கறேன். யாருக்கு வேணும்னாலும் அனுப்பறேன், அடிவரியோட போடறதா இருந்தா.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்புப் பிள்ளையோட ஒரு அம்மா,
நியூஜெர்சி